இங்கிலீஷுக்கு அன்றாடக் கூலி

"பையன் கணக்கிலே புலி. இங்கிலீஷ் பீரியட் என்றால் மட்டும் வயிற்றுவலி வந்துவிடுகிறது!" இப்படிக் குறைப்பட்டுக்கொள்ளும் தாய்மார்கள் நம்மிடையே எத்தனையோ பேர்.

காஞ்சிபுரத்தை அடுத்த ஏனாத்தூரில் 1993-ம் ஆண்டு முதல் ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகமே இருக்கிறது. ஆனால் அந்த வட்டாரத்துத் தறிக்கார வீட்டுப் பிள்ளைகள் எல்லோருமா அந்த வாசலை மிதிக்கிறார்கள்? பத்தாவதோடு படிப்பை முடித்துக்கொண்டு வேலைக்குப் போகிறவர்களும் உண்டு. பரீட்சையில் 35 மார்க் வாங்கிய இங்கிலீஷ் அவர்களுக்கு எதற்கு உதவும்?

இந்தக் கவலை அந்த நாளிலேயே ஒரு வெள்ளைக்காரருக்கு வந்தது. டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியை நடத்திய மைக்கேல் வெஸ்ட்தான் அவர். வங்காளத்துப் பிள்ளைகளில் பலர் படிப்பை நடுவிலேயே விட்டுவிடுவதைப் பார்த்தார். இன்ஷூரன்ஸ் பாலிஸியைப் பாதியில் சரண்டர் செய்தாலும் ஒரு தொகை கைக்கு வருகிறதே, படிப்புக்கும் அப்படி ஒரு சரண்டர் மதிப்பு வேண்டாமா என்று 1926-ல் வெளியான தமது நூலில் கேட்டார். கேட்டதோடு நிற்கவில்லை. சில நூறு சொற்களுக்குள் அடங்கும் கதைப் புத்தகங்களை எழுதினார். முழுக் கதையைத் தானே படித்து முடித்த பிள்ளைக்கு அடுத்த புத்தகத்தின் மேல் ஆசை தானாக வந்துவிடும் அல்லவா?

புடவை தறியைவிட்டு இறங்கினால்தான் நெசவாளிக்குக் கூலி. இங்கிலீஷ் அப்படி இருக்கலாகாது. அன்றைய பாடத்துக்கு அன்றே கூலி கிடைக்க வேண்டும்.

ஆசிரியர்கள் இதைச் சுலபமாகவே செய்யலாம். புடவைக் கடை ரசீதை வகுப்புக்குக் கொண்டுவந்து படிக்கச் சொல்லலாம். உடலையும் கரையையும் வெவ்வேறு நிறத்தில் நெய்து இணைக்கும் கோர்வை வேலையை, கைலாசநாதர் கோயிலுக்கு வரும் வெளிநாட்டாருக்கு ஐந்தே வாக்கியத்தில் எப்படிச் சொல்வது என்று கேட்கலாம். விஷயம் மாணவனுக்குத்தான் நன்றாகத் தெரியும். வார்த்தை கொடுப்பது மட்டுமே ஆசிரியர் வேலை. தெரிந்ததைச் சொல்ல எந்தப் பிள்ளைக்குத்தான் ஆசை இராது?

ஒன்று மட்டும் முக்கியம். பிள்ளை தப்பாகப் பேசினால் முழுக்கப் பேச விட்டு, பிறகு சரியான வாக்கியத்தை ஆசிரியர் மெதுவாகச் சொல்லிக் காட்டட்டும். வகுப்பு ஒரு தரம் சிரித்துவிட்டால் போதும், கூச்சமுள்ள பிள்ளை வருஷம் முழுக்க வாய் திறக்காது.

வீட்டிலே நாமும் "எத்தனை மார்க்?" என்ற கேள்வியைக் கொஞ்சம் ஒத்திப்போடுவோம். "இன்றைக்கு இங்கிலீஷிலே புதிதாக என்ன சொல்லத் தெரிந்தது?" என்று கேட்டுப் பாருங்களேன்!