பேய்க்கப்பலா, பேய் முதலாளியா?

ஆளில்லாத கப்பல் என்றாலே சினிமாக்காரர்களுக்குப் பேய் மட்டும்தான் ஞாபகம் வரும் போல. 2002ல் ஹாலிவுட்டின் 'கோஸ்ட் ஷிப்'. 2020ல் இந்தியில் விக்கி கௌஷலின் 'பூத்'. இந்திப் படத்துக்கு விதை, 2011 ஜூனில் மும்பை ஜுஹூ கடற்கரையில் ஒதுங்கிய எம்.வி. விஸ்டம். நிஜத்தில் நடந்தது என்ன? உடைப்பதற்காக குஜராத் அலாங்குக்கு இழுத்துப்போன பழைய கப்பல், கயிறு அறுந்து கரைக்கு வந்தது. ஆளில்லாததற்குக் காரணம் பேயில்லை சாமி, காயலான் கடை!

நிஜத் திகில் வேணுமா? மும்பை எதற்கு, நெல்லைச் சீமைக்கு வாங்க. கடற்கொள்ளையரிடமிருந்து கப்பல்களைக் காக்கும் காவலர்களோடு வந்த 'சீமேன் கார்டு ஓஹையோ' 2013 அக்டோபரில் பிடிபட்டு தூத்துக்குடிக்குக் கொண்டுவரப்பட்டது. உரிய அனுமதியில்லாமல் ஆயுதம் வைத்திருந்ததாக வழக்கு. சிக்கியவர்கள் 35 பேர்: இந்தியர், எஸ்தோனியர், பிரிட்டிஷ்காரர், உக்ரைனியர்... பலர் கம்பி எண்ணியது பாளையங்கோட்டை சிறையில். 2016 ஜனவரியில் ஐந்தாண்டு தண்டனை. 2017 நவம்பரில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை எல்லோரையும் விடுவித்தது. நாலு வருஷம் சிறையும் வழக்குமாய்ப் போனது போனதுதானே? சம்பளமும் வரவில்லை என்று குடும்பங்கள் முறையிட்டன. இதில் பேய் எதற்கு?

பேயே கூடாது என்று யார் சொன்னது? காரையாறு சொரிமுத்தையனார் கோயிலில், வெட்டுப்பட்டுச் செத்த முத்துப்பட்டன் சாமியாக நிற்கிறார். அவர் ஏன் செத்தார், யாரால் செத்தார் என்று வில்லுப்பாட்டு விடிய விடியச் சொல்லும். கப்பல் பேய்ப் படங்களிலும் கொலைகாரன் உண்டு. ஆனால் ஆட்களை நடுக்கடலில் கைவிடும் முதலாளி? அவர் மட்டும் ஒரு சீனில்கூட மாட்டமாட்டார். அவரைக் காட்டட்டும், அப்புறம் பயப்படலாம்.