கோவேறு கழுதை சொல்லும் நீதி

பெண் நிலம், ஆண் வித்து. இரண்டில் வித்தே மேலானது என்பது மனுதர்மம் 9-வது அத்தியாயத்தின் தீர்ப்பு. வம்சமும் சொத்தும் ஆணுக்கே என்று வாதாடுகிறவர்களுக்கு இன்றைக்கும் இதுதான் ஆதாரம்.

கோவேறு கழுதையைக் கேட்போம். அதற்குத் தகப்பன் கழுதை, தாய் குதிரை. அது தின்ற தீனியைப் பொதி சுமக்கும் சக்தியாக்குபவை, உயிரணுக்களுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணிய அடுப்புகள். அவற்றுக்கென்று தனிப் பரம்பரைச் சரக்கும் உண்டு. அது யார் கொடுத்தது என்று 1974-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் சோதித்தார்கள். அகப்பட்டது தாய்க் குதிரையின் சரக்கே! ஆணின் விந்திலும் அடுப்புகள் உண்டு. ஆனால் கருவில் நுழைந்தபின் அவை அழிந்துபோகின்றன. ஆடு, மாடு, மனிதன் எல்லாவற்றுக்கும் இதுவே விதி.

இதனால் பெண்ணே உயர்ந்தவள் என்று சொல்ல நாம் வரவில்லை. மற்றப் பரம்பரைக் குணங்களை இருவருமே கொடுக்கிறார்கள். வெறும் நிலம் என்று தள்ளப்பட்டவளும் வித்துக் கொடுக்கிறாள் என்றுதான் சொல்லுகிறோம்.

தமிழ்நாட்டில் 1989-லேயே பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சமபங்கு சட்டமாயிற்று. அப்படியிருந்தும் மகளிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கும் தகப்பன்மார்களே! கோவேறு கழுதைக்குத் தெரிந்த நியாயம் உங்களுக்குத் தெரிய வேண்டாமா?