பிறப்பது ஆஸ்பத்திரியில், தாய்ப்பால் தடைபடுவது எங்கே?

தமிழ்நாட்டில் வீட்டுப் பிரசவம் என்பது ஏறக்குறைய ஒழிந்தே விட்டது. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 99.6 சதவீதப் பிரசவங்கள் ஆஸ்பத்திரியில்தான் நடந்தன. ஆனால் அதே கணக்கெடுப்பு வேறொன்றையும் சொல்கிறது. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கிடைத்த குழந்தைகள் 60 சதவீதம்தான். 6 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டுமே குடித்தவை 55 சதவீதம். அகில இந்திய அளவில் இது 64.

டாக்டர் இருக்கிறார். நர்ஸ் இருக்கிறார். தாயும் பக்கத்தில்தான் இருக்கிறார். பிறகு ஏன் இந்தக் குறை?

முதல் தடை: பிரசவ வார்டு

இங்கே 100 பிரசவங்களில் சுமார் 45 சிசேரியன். தையல் வலியில் தாய் படுத்திருப்பார். “பாவம், தூங்கட்டும்” என்பார்கள் உறவினர்கள். அதற்குள் சர்க்கரைத் தண்ணீர், தேன் என்று யாராவது குழந்தை நாக்கில் தொட்டு வைத்து விடுவார்கள். கழுதைப் பாலைச் சங்கில் ஊற்றிப் புகட்டும் வீடுகளும் உண்டு.

முதுகில் ஊசி போட்டுச் செய்யும் சிசேரியனில் தாய் விழித்தே இருக்கிறார். குழந்தையைப் பிடித்துக் கொடுக்க ஒரு ஆள் இருந்தால் போதும், சீக்கிரமே பால் கொடுக்கலாம்.

முதலில் வருவது மஞ்சளான சீம்பால். சில சொட்டுதான் வரும். “பாலே வரல” என்று வீடே பதறும். பதற்றம் வேண்டாம். முதல் நாள் குழந்தையின் சின்ன வயிற்றுக்கு அது போதும். நோயை எதிர்க்கும் சக்தி அதில்தான் நிறைய. வயிற்றுப்போக்கு, நிமோனியா இரண்டும் தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளுக்குக் குறைவு. தேனோ ஒரு வயது வரை ஆகவே ஆகாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி, பச்சைக் குழந்தையின் கை காலை முடக்கி, மூச்சையே திணற வைக்கும்.

அக்னி நட்சத்திரத்திலும் 6 மாதம் வரை தனியாகத் தண்ணீர் தேவையில்லை. தாய்ப்பாலில் 87 சதவீதம் தண்ணீர்தான்!

தாய்க்கு என்ன லாபம்?

குழந்தை சப்பும்போது தாயின் உடம்பில் ஆக்சிடோசின் சுரக்கிறது. அதனால் கர்ப்பப்பை சுருங்கி ரத்தப்போக்கு குறைகிறது. 30 நாடுகளின் 47 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த அறிக்கை 2002ல் வந்தது. 12 மாதம் பால் கொடுத்தால் மார்பகப் புற்றுநோய் அபாயம் 4.3 சதவீதம் குறைகிறது என்றது அது. சினைப்பைப் புற்றுநோயும் சர்க்கரை வியாதியும் வரும் வாய்ப்பும் குறைகிறது.

இரண்டாவது தடை: வேலை

பேறுகால விடுப்பு 2017ல் 26 வாரமானது. தமிழக அரசு ஊழியர்களுக்கு 2021ல் 12 மாதமானது. ஆனால் கடைகளைப் பொறுத்தவரை சட்டம் 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்துக்குத்தான். 6 பேர் வேலை செய்யும் ஜவுளிக்கடைப் பெண்ணுக்கு? சம்பளம் போய்விடுமே என்று இரண்டே மாதத்தில் கவுண்டருக்குத் திரும்புகிறார். பால் கட்டிக்கொண்டு வலிக்கும். எடுக்க எடுக்கத்தான் பால் ஊறும். எடுக்காவிட்டால் சுரப்பு வற்றும். அப்புறம் புட்டிப்பால்தான். பால் பவுடர் விளம்பரத்தை 1992லேயே சட்டம் தடை செய்துவிட்டது. ஆனால் வேலை நேரம் விளம்பரமே இல்லாமல் டப்பாவை வாங்க வைக்கிறது!

குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை பால் கொடுக்க தினம் இரண்டு முறை இடைவேளை உண்டு என்கிறது சட்டம். இது எத்தனை ஆபீஸ் பெண்களுக்குத் தெரியும்?

செலவு அதிகமில்லை

2015ல் அன்றைய முதல்வர் ஜெயலலிதா, பஸ் நிலையங்களில் 350க்கும் மேற்பட்ட தாய்ப்பால் ஊட்டும் அறைகளைத் திறந்தார். பஸ் நிலையத்தில் முடிந்தது கடையில் முடியாதா? ஸ்டாக் ரூம் மூலையில் ஒரு திரை, ஒரு நாற்காலி, 20 நிமிஷம். இவ்வளவுதான் தேவை. எடுத்த பாலைச் சுத்தமான மூடி போட்ட பாத்திரத்தில் ஃப்ரிட்ஜில் 4 நாள் வரை வைக்கலாம். சென்னைச் சூட்டில் வெளியே வைக்கக் கூடாது. அடுப்பில் காய்ச்சவும் கூடாது. வெந்நீரில் பாத்திரத்தை வைத்துச் சூடாக்கினால் போதும்.

உடல்நிலை காரணமாகப் பால் கொடுக்க முடியாத தாய்மார்களும் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் கொடுக்க ஆசைப்படும் தாய்க்கு ஒரு திரையும் 20 நிமிஷமும் கிடைக்கவில்லை என்றால், குறை தாயிடம் இல்லை, முதலாளியிடம்தான்.