வாய்வு என்று சொல்லி அனுப்பாதீர்கள்

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் நடுச்சாமத்தில் ஒருவர் நெஞ்சு படபடக்க, கைகால் உதற, வேர்த்துக்கொட்டி எழுந்து உட்கார்ந்தால், வீட்டில் எல்லோருக்கும் நோயின் பெயர் தெரிந்திருக்கிறது. "வாய்வுதான்." பக்கத்து வீட்டு அக்காவுக்குத் தெரியும், எதிர்வீட்டுப் பெரியப்பாவுக்குத் தெரியும், மறுநாள் காலையில் மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கிற பையனுக்கும் தெரியும். பெருங்காயத்தைச் சுடுதண்ணீரில் கரைத்துக் கொடுக்கிறார்கள். பூண்டைச் சுட்டுத் தின்னச் சொல்கிறார்கள். ஓமத் தண்ணீர், ஈனோ, ஜெலுசில், சோடா என்று ஒவ்வொன்றாக வருகிறது. ஒருவர் முதுகைத் தேய்த்துவிடுகிறார். "ஒரு ஏப்பம் வந்துட்டா சரியாப் போயிரும்த்தா" என்கிறார் இன்னொருவர்.

அந்த வீட்டில் அன்புக்குக் குறைவில்லை. அத்தனை பேரும் தூக்கத்தை விட்டுவிட்டு வந்து நிற்கிறார்கள். ஆனால் அவர்கள் கையில் ஒரே ஒரு பெயர்தான் இருக்கிறது, அது பெரும்பாலும் தப்பான பெயர். அந்தப் பெயரை நம்பி ஆஸ்பத்திரிக்குப் போகாமல் படுத்தவர்களில் சிலர் காலையில் எழுந்திருப்பதில்லை. எழுந்தவர்களில் பலர் இன்ன நோய் என்று தெரியாமலே வருஷக்கணக்கில் பயந்து வாழ்கிறார்கள்.

வயிற்றுக் கோளாறால் இரவில் விழிப்பே வராது என்று நான் சொல்லவில்லை. இரைப்பையின் அமிலம் மேலே ஏறினால் மேல்வயிற்றிலிருந்து தொண்டை வரை எரியும், வாயில் புளிப்புத் தட்டும், படுத்தால் கூடும், எழுந்து உட்கார்ந்தால் குறையும். அதற்கு மருந்தும் உண்டு. ஆனால் நம் ஊரில் சொல்கிற வாய்வு அதுவல்ல. குடலில் சேர்ந்த காற்று மேலே ஏறி நெஞ்சை அடைக்கிறது, கையில் இறங்குகிறது, முதுகில் பிடிக்கிறது, தலைக்கு ஏறுகிறது என்கிறார்கள். இரைப்பையில் இருக்கிற காற்று வாய் வழியாக வெளியேறும், குடலில் இருக்கிற காற்று ஆசனவாய் வழியாக வெளியேறும், கொஞ்சம் ரத்தத்தில் கரைந்து மூச்சோடு போய்விடும். வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் நடுவே உதரவிதானம் என்ற தசைச் சுவர் இருக்கிறது. இதயத்துக்குள்ளோ தோள்பட்டைக்குள்ளோ போய் அடைத்துக்கொள்ள அந்தக் காற்றுக்கு வழி கிடையாது.

பிறகு எப்படி இந்த நம்பிக்கை இத்தனை தலைமுறையாக நிற்கிறது? சோடா குடித்ததும் பலருக்குச் சரியாகிவிடுகிறதே என்று கேட்பார்கள். சரியாகிறதுதான். ஏன் என்று பார்க்க வேண்டும்.

இப்படி விழிக்கிற பலருக்கு வருவது பேனிக் அட்டாக் என்று மருத்துவம் சொல்லும் பதற்றத் தாக்கு. அது சடாரென்று கிளம்பி, பத்து நிமிஷத்துக்குள் உச்சிக்குப் போய், பிறகு தானாகவே இறங்கிவிடும் தன்மை கொண்டது. வீட்டார் விழித்து, அடுப்பைப் பற்றவைத்து, பெருங்காயத்தைத் தேடி எடுத்துக் கரைத்துக் கொடுக்கிற நேரத்தில் அது இறங்க ஆரம்பித்திருக்கும். பேர் பெருங்காயத்துக்குப் போகிறது. அதோடு, பயந்துபோனவர் வாயைத் திறந்து வேகவேகமாக மூச்சு வாங்கும்போது நிறையக் காற்றை விழுங்கிவிடுகிறார். அது ஏப்பமாக வரத்தானே செய்யும்? ஏப்பம் வந்ததும் "பாத்தியா, காத்துதான்" என்று முடித்துவிடுகிறார்கள். படபடப்பினால் காற்று உள்ளே போனது. காற்றினால் படபடப்பு வரவில்லை.

இன்னொன்று. சர்க்கரை நோய்க்குக் கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை எடுப்பவர்கள் இங்கே தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். ஏகாதசி என்றோ களைப்பு என்றோ இரவுச் சாப்பாட்டை விட்டுவிட்டு மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு படுத்தால், நள்ளிரவில் ரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கிவிடலாம். அப்போதும் இதே நடுக்கம், இதே வேர்வை, இதே படபடப்புதான். அந்த நேரத்தில் பன்னீர் சோடா வாங்கிக் கொடுத்தால் உண்மையிலேயே சரியாகும். சரியாக்கியது அதிலிருந்த சர்க்கரை. வீட்டுக்காரர்கள் சோடாவின் வாயுவைக் கும்பிடுகிறார்கள், மறுநாள் இரவும் சாப்பிடாமல் அதே மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுக்க விடுகிறார்கள். மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்துவிட்டு, மறுநாள் டாக்டரிடம் மாத்திரை அளவைக் குறைக்கக் கேட்க வேண்டிய விஷயம் இது. வாய்வு என்று சொன்ன வாய் அந்தக் கேள்வியையே எழவிடாமல் செய்துவிடுகிறது.

மாரடைப்பிலும் இதே ஏமாற்றம் நடக்கிறது. இதயத்தின் கீழ்ப்பக்கச் சுவருக்கு ரத்தம் போகிற குழாய் அடைபட்டால் வலி மேல்வயிற்றில் தெரியலாம், குமட்டலாம், ஏப்பம் வரலாம். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் நெஞ்சுவலியே இல்லாமல் வேர்வையும் மூச்சுத்திணறலும் மட்டும் வரலாம். 2022 மே 31 அன்று கொல்கத்தாவில் மேடைக் கச்சேரியை முடித்துக்கொண்டு ஹோட்டலுக்குத் திரும்பிய பாடகர் கேகே இறந்துபோனார். வயது 53. 'காக்க காக்க', 'கில்லி' படங்களில் கேட்ட அந்தக் குரலைத் தமிழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பிரேதப் பரிசோதனையில் இதய ரத்தக்குழாய்களில் அடைப்பு இருந்தது தெரிந்தது. செரிமானக் கோளாறு என்று எண்ணி அவர் அமிலத்தைத் தணிக்கும் மருந்துகளை அதிகமாக எடுத்துவந்ததாக அப்போது காவல்துறைத் தரப்பிலிருந்து செய்தி வந்தது. வசதியும் புகழும் பெரிய நகரத்து மருத்துவமனைகளும் எட்டும் தூரத்தில் இருந்த மனிதருக்கே இந்தக் கதி.

நமக்கோ தூரமும் சேர்ந்துகொள்கிறது. ராஜபாளையத்திலிருந்து மதுரை ஏறத்தாழ 85 கிலோமீட்டர். அடைப்பு நீக்கும் சிகிச்சைக்கு நம்மில் பெரும்பாலோர் அங்கேதான் ஓடுகிறோம். இதயத் தசை சாகத் தொடங்கிவிட்ட பிறகு ஒவ்வொரு அரை மணி நேரமும் கணக்கில் வரும். ஓமத் தண்ணீருக்கு ஒரு மணி நேரம், ஏப்பத்துக்காகக் காத்திருக்க ஒரு மணி நேரம், "விடியட்டும், பாத்துக்கலாம்" என்று மூன்று மணி நேரம். இந்த நேரத்தை எந்த ஆம்புலன்ஸும் சாலையில் ஓடி மீட்டுத் தர முடியாது. 2023 ஜூனில் தமிழக அரசு கொண்டுவந்த 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரைகளை முதல் டோஸாகக் கொடுத்து மேல்சிகிச்சைக்கு அனுப்பி வைக்க ஏற்பாடு இருக்கிறது. ஆனால் நோயாளி அங்கே வந்து சேர வேண்டுமே. வாய்வு பிடித்தவர் யாராவது சுகாதார நிலையத்துக்குப் போவாரா?

இனி, இதயம் நன்றாக இருப்பவர்களின் கதைக்கு வருகிறேன். எனக்குக் கோபம் அதிகம் வருவது இங்கேதான்.

இரவில் இப்படி விழித்த ஒருவர் எப்படியோ ஆஸ்பத்திரிக்குப் போய்விடுகிறார் என்று வையுங்கள். ஈசிஜி எடுக்கிறார்கள், நார்மல். எக்கோ நார்மல். "ஒண்ணுமில்லம்மா, கேஸ்தான்" என்று பாண்டோபிரசோல் எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். ஒரு மாசம் கழித்து மறுபடி வருகிறது. மறுபடி ஈசிஜி, மறுபடி நார்மல், மறுபடி கேஸ் மாத்திரை. விருதுநகர், மதுரை, திருநெல்வேலி என்று கோப்பு கனத்துக்கொண்டே போகிறது. படிப்பில்லாத பாட்டி வாய்வு என்று சொன்னால் அது அறியாமை. எம்.பி.பி.எஸ். படித்தவர் அதையே சீட்டில் எழுதிக் கொடுப்பது கடமை தவறுவது. இதயம் நன்றாக இருக்கிறது என்று தெரிந்த அந்த நிமிஷத்தில் அடுத்த கேள்வி பிறந்திருக்க வேண்டும்: அப்படியானால் இது என்ன?

கேட்டிருந்தால் பதில் ஒன்றாக இருக்காது. தைராய்டு கூடியிருக்கலாம். குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று நின்று வருகிற தூக்கத் தடையாக இருக்கலாம். விட்டு விட்டு வரும் இதயத் துடிப்புக் கோளாறாக இருக்கலாம், அது வராத நேரத்தில் ஈசிஜி சுத்தமாகத்தான் இருக்கும். தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தியதால் வந்த நடுக்கமாக இருக்கலாம். ரத்தசோகையாக இருக்கலாம். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு ரத்தம் குறைவாக இருக்கிற ஊரில், "நெஞ்சு படபடங்குது" என்று சொல்லும் பெண்ணிடம் ஹீமோகுளோபின் பார்க்காமல் வாய்வு என்று சொல்வதற்கு எந்த நியாயமும் இல்லை. பஞ்சாலையில் வேலை செய்பவராக இருந்தால் பஞ்சுத் தூசி நுரையீரலைப் பிடித்திருக்கலாம். வாரவிடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகுவது அந்த நோயின் அடையாளம். பிஸினோசிஸ் என்ற பெயரில் தொழிலாளர் சட்டத்தின் தொழில்சார் நோய்ப் பட்டியலில் அது இருக்கிறது. வாய்வு என்று சொல்லிக்கொண்டவர் எந்த இழப்பீடும் கேட்க முடியாது.

இவை எதுவும் இல்லை என்றான பிறகு, மிஞ்சுவது பெரும்பாலும் அந்தப் பேனிக் அட்டாக்தான். அது கெட்ட கனவால் வருவதில்லை. தூங்கிய முதல் மூன்று மணி நேரத்துக்குள், கனவில்லாத தூக்கத்தில், லேசான உறக்கத்திலிருந்து ஆழ்ந்த உறக்கத்துக்கு இறங்கும் இடத்தில் அது வருகிறது என்று தூக்க ஆய்வுக்கூடங்களில் பதிவு செய்து பார்த்திருக்கிறார்கள். அதனால்தான் விழித்தவருக்கு எதைக் கண்டு பயந்தோம் என்று சொல்லத் தெரிவதில்லை. உடம்பு அபாயமணியை அடித்துவிட்டது, ஆனால் அபாயம் எதுவும் இல்லை. வேகமாக மூச்சு வாங்க வாங்க ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது, கை மரத்துப்போகிறது, விரல்கள் மடங்குகின்றன, தலை சுற்றுகிறது. "செத்துப்போகப் போறேன்" என்ற நினைப்பு அப்போது வருகிறது. அந்த நினைப்பு இதயத்தை இன்னும் விரட்டுகிறது.

"தைரியமா இருக்கணும், பயந்தாங்கொள்ளிக்குத்தான் இதெல்லாம் வரும்" என்று சொல்பவர்களுக்கு ஒன்று. இந்தக் கோளாறை முதலில் கூர்ந்து எழுதியவர்களில் ஒருவரான டா கோஸ்டா என்ற மருத்துவர் 1871-இல் தன் கட்டுரையில் விவரித்தது அமெரிக்க உள்நாட்டுப் போரில் சண்டையிட்ட சிப்பாய்களை. படபடப்பு, நெஞ்சுவலி, மூச்சிரைப்பு எல்லாம் அவர்களுக்கு இருந்தன. அதற்கான பழுது இதயத்தில் காணப்படவில்லை. துப்பாக்கிக்கு நேரே நின்றவர்கள் அவர்கள். 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்ப்பட்டியலில் பேனிக் டிஸார்டர் தனி நோயாக ஏறியது. அதற்கென்று மருந்தும் பேச்சு சிகிச்சையும் வந்து பல பத்தாண்டுகள் ஆகின்றன. எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின் போன்ற மாத்திரைகள் விலை குறைந்தவை, பழக்கத்துக்கு அடிமையாக்காதவை. சில வாரங்களில் பலன் தெரியும். இது குணமாகிற நோய். இதை வாய்வு என்று சொல்லி ஒருவரைப் பத்து வருஷம் விளக்கைப் போட்டுக்கொண்டு தூங்க வைப்பது கொடுமை.

பெண்களுக்கு இன்னொரு அடியும் விழுகிறது. வாய்வு மருந்து பலிக்கவில்லை என்றால், "பிள்ளை எதையோ பாத்துப் பயந்திருக்கு" என்று வேப்பிலை அடிக்கக் கூட்டிப்போகிறார்கள். அதுவும் பலிக்கவில்லை என்றால் நடிக்கிறாள் என்கிறார்கள். தாலி கட்டி வந்த வீட்டில் நடுராத்திரியில் எழுந்து உட்காரவே பயந்து, போர்வைக்குள் கையைக் கடித்துக்கொண்டு கிடக்கிற பெண்கள் நம் தெருக்களில் இருக்கிறார்கள். நிம்ஹான்ஸ் 2015-16-இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, பதற்றம், மனச்சோர்வு போன்ற பொதுவான மனநலக் கோளாறு உள்ளவர்களில் நூற்றுக்கு 85 பேர் சிகிச்சை பெறவில்லை என்றது. அந்த 85 பேரில் எத்தனை பேர் வீட்டு அலமாரியில் கேஸ் மாத்திரை இருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கிய காலம் தொட்டு இது இரவிலும் விழித்திருக்கிற ஊர். நூற்பாலைகளிலும் சத்திரப்பட்டி பேண்டேஜ் துணித் தறிகளிலும் ஷிப்ட் மாறி மாறி உழைக்கிறவர்களுக்குத் தூக்கம் கெடுகிறது. விழித்திருக்க டீயின் மேல் டீ குடிக்கிறார்கள். கெட்ட தூக்கமும் அந்த டீயும் பதற்றத்தை வளர்ப்பவை. ஆகவே இது வீட்டுக்குள் மட்டும் பேசித் தீர்க்கிற விஷயமல்ல.

முதல்முறை இப்படி வந்தால் 108. வாய்வா இல்லையா என்று வீட்டில் வாதாட வேண்டாம். ஒரே ஒரு ஈசிஜி நார்மல் என்றதும் எழுந்து வந்துவிடவும் வேண்டாம். சில மணி நேரம் வைத்திருந்து ஈசிஜியையும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையையும் மறுபடி எடுக்கச் சொல்லிக் கேட்பது நம் உரிமை. எல்லாம் சரி என்றால் சர்க்கரை, ஹீமோகுளோபின், தைராய்டு பார்க்கச் சொல்லுங்கள். அதுவும் சரி என்றால் டாக்டர் சீட்டில் "கேஸ்" என்று எழுத விடாதீர்கள், மனநலப் பிரிவுக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். மாவட்ட மனநலத் திட்டம் அரசு மருத்துவமனைகள் வழியாகத்தான் நடக்கிறது. 14416 என்ற மனநல உதவி எண்ணில் இரவிலும் தமிழில் பேசுகிறார்கள், காசு கிடையாது. ஆலைக்குள் இரவு ஷிப்டில் ஒரு பெண் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் மேஸ்திரி சோடா வாங்க ஆள் அனுப்பக் கூடாது, ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். அவள் ஆஸ்பத்திரிக்குப் போய் வரும் நாளுக்குக் கூலியைப் பிடிக்கவும் கூடாது.