யாக்கையை இகழ்தல் சித்தாந்தமாமா?

சின்னாட்களுக்கு முன் சைவ சபையொன்றின் ஆண்டுவிழாவிற்குச் சென்றிருந்தோம். அங்கே சொற்பொழிவாற்றிய அன்பர் ஒருவர், யாக்கையைப் பேணுதல் உலகாயதர் தொழில் என்றும், சரீரம் மலமாதலின் அதன் நலத்தை நாடுவார் மலத்தையே வளர்ப்பவராவர் என்றும், ஆறு கெட்டது, காற்றுக் கெட்டது என வருந்துதலும் அம்மயக்கத்தின் பாற்பட்டதே என்றும் முக்கால் மணி நேரம் முழங்கினார். அவையோர் கைகொட்டினர். பட்டினத்தடிகளின் பெயரை அடுத்தடுத்து எடுத்தோதிய அவர், மேடையினின்று இறங்கியதும் முதற்பந்தியில் அமர்ந்து பாயசம் இருமுறை கேட்டு வாங்கினார். அதனை யாம் குற்றமாகக் கூறவில்லை. பசித்த வயிற்றுக்குச் சோறிடுதல் சைவர்க்கு அறமே. மேடையிற் கூறியதே பிழை. அது சித்தாந்தத்தின் பெயராற் கூறப்பட்டமையின், வாளாவிருத்தல் தகாதென இதனை எழுதலானோம்.

சரீரம் மலம் என்னும் வாக்கியத்தை முதற்கண் ஆராய்வாம். மாயை மும்மலங்களுள் ஒன்றாக எண்ணப்படுதலும், தனு கரண புவன போகங்கள் அதன் காரியமாதலும் சித்தாந்தம் ஓதினார் யாவரும் அறிவர். ஆயினும் எண்ணப்படுதல் ஒன்று. செய்யுந் தொழில் மற்றொன்று. ஆணவம் உயிரின் அறிவை மறைப்பது. மாயை அதனைச் சிறிது விளக்குவது. உமாபதிசிவனார் திருவருட்பயனில் மாயையை விடியுமளவும் உதவும் விளக்கோடு ஒப்பித்தமை அன்பர்க்கு மறந்துபோயிற்றுப் போலும். விளக்கொளி ஞாயிற்றொளியாகாது என்பது மெய்யே. அது பற்றி நள்ளிரவில் எண்ணெய் வார்க்காது விடுவார் உளரோ?

அற்றேல், மலத்தை மலத்தாற் கழுவுதல் எங்ஙனமெனின், அத்தடையை அருணந்திசிவாசாரியரே சித்தியாரில் எழுப்பி விடையும் தந்துள்ளார். அழுக்கேறிய துணியிற் சாணியும் உவரும் சேர்த்து வெளுப்பவன் அழுக்கைப் போக்குதல் போல, இறைவன் உடல் முதலியவற்றைக் கொண்டே உயிரின் அழுக்கைப் போக்குகின்றான் என்பது அவர் கருத்து. உவர் துணிக்கு அழகன்று. முடிவில் அதுவும் நீரில் அலசிக் கழிக்கப்படுவதே. எனினும், துணி வெளுக்குமுன்னரே, "இது மண்தானே" என்று உவரைத் தெருவிற் கொட்டிவிடுவானை யார் மெச்சுவார்? அன்பர் கொட்டச் சொல்லுகின்றார். மேலும் அவ்வுவர் வெளுப்பவனது, துணியினதன்று. உடலும் நாம் ஈட்டிய பொருளன்று. வினைக்கேற்ப இறைவன் மாயையினின்றும் ஆக்கித் தந்தது. பிறர் தந்த பண்டத்தைப் பழுதாக்கிவிட்டு, "யான் பற்றற்றவன்" என்பது நல்ல நியாயம்!

பட்டினத்தடிகள் யாக்கையை இகழ்ந்தாரன்றோ எனின், இகழ்ந்தார். யாரை நோக்கி? உடலே தானென மயங்கி, அதனை அணிசெய்வதிலேயே வாழ்நாளைக் கழித்து, அதன்பொருட்டுப் பிறர் பொருளையும் வவ்வுவாரை நோக்கி. அவர் இகழ்ந்தது பற்றினை. பற்றுவிட்டான் பல் துலக்கலாகாது என்று அவர் யாண்டும் கூறிற்றிலர். திருமூலரோ திருமந்திரத்து மூன்றாந் தந்திரத்தில், தாமும் முன்னர் உடம்பைக் குறையுடையதென்றே எண்ணியிருந்தமையையும், அதனுள் இறைவன் உறைதலைக் கண்டபின் அதனைக் காப்பாராயினமையையும் வெளிப்படக் கூறுகின்றார். அவர் கைவிட்ட முதற்கொள்கையை எடுத்து வைத்துக்கொண்டு, பெற்ற முடிவை விட்டுவிடுதல் எந்தச் சந்தானத்து உபதேசமோ அறியோம்.

இனி, நோய் பிராரத்தம். அதனை அனுபவித்தே கழிக்க வேண்டும். மருந்தும் பத்தியமும் எதற்கு என்பது அவர் கூறிய மற்றொரு தடை. கேட்டற்கு இனிய வாதம்; சோம்பர்க்கு மிக இனிது. ஆளுடைய பிள்ளையார் கொடிமாடச் செங்குன்றூரில் எழுந்தருளியிருந்தபோது உடன்வந்த அடியார்களை நளிர்சுரம் பற்றிற்று. வினையென்று சொல்லிப் பிள்ளையார் வாளா இருந்தனரோ? இது வினையால் வந்ததென அறிந்தும் அதனினின்று உய்யும் வழியை நாடாதிருத்தல் உமக்குக் குறையன்றோ என்று வினவியன்றோ திருநீலகண்டத் திருப்பதிகத்தைத் தொடங்கினார்? புள்ளிருக்குவேளூரில் இறைவன் வைத்தியநாதன் என்னும் பெயரோடு வீற்றிருத்தலும் பிராரத்தத்தை மறந்தோ? மருந்து கிட்டுதலும் அதனை உண்ணும் புத்தி தோன்றுதலும் வினைவழிப்பட்டனவாகலாம் என்பதை அன்பர் எண்ணிற்றிலர். நோய் மட்டும் வினை. மருந்து வினைக்குப் புறம்பு என்பார்க்குப் பிரமாணம் யாது?

இவ்வாதத்தின் விளைவை யாம் நேரிற் கண்டுள்ளோம். மடத்திற் சிவஞானபோதப் பாடத்தை எம்முடன் ஒரே திண்ணையிலிருந்து கேட்ட சகபாடி ஒருவருக்கு ஐம்பதாம் வயதில் நீரிழிவு கண்டது. மருத்துவர் உணவை வரையறுத்தார். நாள்தோறும் பாதத்தை நோக்குக என்றார். அந்நோயிற் காலின் உணர்ச்சி மழுங்குதலின் புண் பட்டாலும் தெரியாது. அவரோ, "நாள்தோறும் திருவடியை நோக்கச் சொல்லியிருக்கிறது, என் அடியை நோக்கவா பிறந்தேன்" என்று சிரித்தார். நாங்களும் அந்தச் சாதுரியத்தை வியந்து சிரித்தோம். அதனை நினைக்குந்தோறும் இன்றும் நாணுகின்றோம். கோயிற் பிராகாரத்தில் வெறுங்காலோடு வலம்வருகையிற் பட்ட சிறு கல் புண்ணாகி, புண் அழுகி, வலக்கால் முழங்காலுக்குமேல் எடுக்கப்பட்டது. பிறகு அவரைக் காணச் சென்றபோது அவர் பிராரத்தத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. "பூசைக்கு ஒரு செம்பு நீர் எடுக்க இன்னொருவர் கை வேண்டியிருக்கிறது, ஐயா" என்றார். முப்பது ஆண்டு தவறாது செய்த பூசை அது.

மீண்டும் செங்குன்றூர்க்கு வருவாம். அந்நளிர்சுரம் பனிப்பருவத்தில் அந்நிலத்தின் இயல்பாய் வந்ததென்று சேக்கிழார் பெருமான் குறிக்கின்றார். நிலத்தியல்பு உடலிற் புகும் என்பது அவர்க்குத் தெரிந்திருந்தது. தனுவும் புவனமும் ஒரு மாயையின் காரியமாதலின் அங்ஙனம் புகுதல் வியப்பன்று. ஆனால் இன்று சில நிலங்களின் இயல்பு இறைவன் தந்ததன்று; நாம் ஆக்கியது. அதே கொங்குநாட்டில், கச்சியப்ப முனிவர் பேரூர்ப்புராணத்திற் பாடிய காஞ்சிமாநதி, வெள்ளியங்கிரிச் சாரலிற் பிறந்து, பேரூர் வழியாகவும் திருப்பூர் வழியாகவும் ஓடிக் காவிரியிற் கலக்கும் நொய்யலேயாம். திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவுநீர் ஆண்டுக்கணக்கில் அதில் விடப்பட்டது. பாசனத்துக்கென 1992இற் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையிற் சாயநீரே தேங்கிற்று. கீழ்ப்பகுதி உழவர்தம் வயல்களும் கிணறுகளும் உப்பேறின. 2011 சனவரியிற் சென்னை உயர்நீதிமன்றம் அந்நகரத்துச் சாய, சலவைப் பட்டறைகளை மூடுமாறு ஆணையிட்டது. பின்னர்க் கழிவுநீரை வெளிவிடாது சுத்திகரிக்கும் ஏற்பாட்டோடு பல பட்டறைகள் திறக்கப்பட்டன. அத்தொழிலால் உண்ணும் ஏழைகள் பலர். அவர்களை யாம் நோகவில்லை. ஆற்றிற் சிவதீர்த்தமென்று முழுகிய சைவருள் எத்தனை பேர் அந்நாளில் வாய் திறந்தோம் என்பதே எம் வினா. ஆறு கெட்டதென வருந்துதல் மயக்கம் என்னும் அன்பர், அந்நீரில் ஒருநாள் முழுகி எழுந்து தம் வாதத்தை மெய்ப்பிக்கலாம்.

நிலம், நீர், தீ, வளி, வெளி, ஞாயிறு, திங்கள், ஆன்மா என்னும் எட்டும் பெருமானுக்கு மூர்த்தம் என்று சைவர் நாள்தோறும் ஓதுகின்றோம். காஞ்சியில் நிலமாகவும் ஆனைக்காவில் நீராகவும் வணங்குகின்றோம். ஆன்மார்த்த பூசைக்கு அமர்ந்தால் முதலில் நம் உடலிலுள்ள ஐம்பூதங்களையும் பாவனையாற் சுத்தி செய்கின்றோம். வெளியேயுள்ள நீரும் உள்ளேயுள்ள நீரும் இருவேறென்பது அங்கே எங்கே கூறப்பட்டது? நீராட இயலாத நோயாளர்க்குத் திருநீற்றால் ஆக்கினேய ஸ்நானம் விதித்தன நூல்கள். தளர்ந்த உடலின் நிலையைக் கருதி விதியையே நெகிழ்த்த சமயம் நம்முடையது.

குளிரூட்டிய அறையில் இயந்திரத்தின்மேல் ஓடி வியர்வை சிந்திவிட்டு, வீட்டுக் குப்பையை ஊர்க்குளத்திற் கொட்டும் நாகரிகரை இங்கே விரித்துரைக்க விரும்புகின்றிலேம். அவர் சித்தாந்தம் பேசுவதில்லை. ஆதலின் அவரால் நூலுக்கு ஊறில்லை. ஒரு வகையில் அன்பரும் அவரும் உறவினரே. உடலைப் புவனத்தினின்று பிரித்துவிட்டு ஒருவர் பேணுகின்றார்; மற்றவர் இகழ்கின்றார்.

அன்பர்பால் எமக்குப் பகையில்லை. அவர் நாவன்மை எமக்கு இல்லை. மேற்காட்டிய திருவருட்பயன் உவமைக்கும் சித்தியார் விடைக்கும் வேறு பொருள் உளதேல், அதனைச் சுருதி, யுக்தி, அனுபவம் என்னும் மூன்றனுள் எதனாலேனும் நிறுவி இப்பத்திரிகைக்கே எழுதியனுப்புவாராக. எம் சகபாடியும் இப்பத்திரிகையைப் பிறரைப் படிக்கச் சொல்லிக் கேட்டு வருகின்றார். அவருக்கும் அவ்விடை வேண்டும்.