ஸலூன் யாருக்கு?

ராஜபாளையம் மார்க்கத்தில் பழைய ஸலூன் பெட்டி ஒன்றை ஓட்டி மலையழகைக் காட்ட வேண்டும் என்கிறார் என் நண்பர். ஸலூன் என்றால் பெரிய அதிகாரிகள் பவனி வந்த பெட்டி. படுக்கையறை, கூடம், சமையலறை எல்லாம் உண்டு. ரயிலின் வாலில் கோப்பார்கள். 2018-ல் ரயில்வேயார் அதைப் பொதுமக்களுக்கும் வாடகைக்கு விட்டார்கள். டில்லியிலிருந்து கட்ராவுக்குப் போன முதல் பெட்டியில் 6 பேர்!

எனக்குப் பொறாமை இல்லை, இருந்தாலும் கொஞ்சம்தான். ஆனால் இந்தப் பாதையின் கதை வேறு. கொல்லம்–செங்கோட்டை மலைப்பாதை 1904-ல் வந்தது. விருதுநகரிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாகத் தென்காசிக்கு 1927-ல் ரயில் வந்தது. அகலப் பாதை போடுகிறோம் என்று 2010-ல் செங்கோட்டை–புனலூர் பகுதியை மூடியவர்கள், 2018-ல்தான் திறந்தார்கள். எட்டு வருஷம் ஐயப்ப பக்தர்களும் கூலிக்குப் போனவர்களும் பஸ்ஸில் இடிபட்டார்கள்.

இன்றும் கூட்ட நாட்களில் முன்பதிவில்லாப் பெட்டியைப் பாருங்கள். கழுதுருட்டியின் பதின்மூன்று கண் பாலம் வரும்போது, நிற்கிறவன் கண்ணுக்குத் தெரிவது முன்னால் நிற்பவனின் முதுகு! ஸலூனைக் கோக்க வாலில் இடமிருந்தால், அங்கே சாதாரணப் பெட்டி ஒன்றைக் கோத்தால் என்ன? அத்தனை பேரும் மலை பார்ப்பார்களே.

"ஊருக்குப் பணம் வருமே" என்றார் நண்பர். பெட்டியிலேயே சமைத்து, பெட்டியிலேயே உறங்குகிறவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி என்ன வாங்குவார் என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "பால்கோவா" என்றார்.