நெல் விலையும் அமைச்சரவைக் குழுவும்

நெல்லுக்கு விலை வைப்பவர் யார்? உழவர் குடும்பத்திலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த எனக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வி அன்று. 2025 மே 28இல், சாதாரண ரக நெல்லுக்குக் குவிண்டாலுக்கு 2,369 ரூபாய் ஆதரவு விலை என்று முடிவு செய்தது, பிரதமர் தலைமையிலான பொருளாதார விவகார அமைச்சரவைக் குழு. அமைச்சர்கள் சிலரே அதில் உறுப்பினர்கள். அரசியலமைப்பில் இக்குழுக்களின் பெயரே கிடையாது. 1961ஆம் ஆண்டு அலுவல் விதிகளின்படி இயங்குபவை அவை.

குழுவே வேண்டாம் என்பதில்லை. எல்லா அமைச்சரும் எல்லாவற்றையும் பேசித் தீர்ப்பதற்குள் நடவுப் பருவம் போய்விடும்! ஆயினும் 75ஆவது விதிப்படி மக்களவைக்குப் பொறுப்பு, அமைச்சரவை முழுவதும் அன்றோ? பாதுகாப்புக் குழுவின் இரகசியம் இருக்கட்டும். நெல் விலையில் என்ன இரகசியம்? குழு முடிவெடுத்தபின் வரும் கூட்டத்தொடரிலேயே அதன் காரணங்களை மக்களவையில் வைத்து, உறுப்பினர்கள் கேள்வி கேட்க ஒரு நாள் ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து.